முன்னோட்டக்காரன் கல்யாணம்

ஓக்கோ என்னைக் கல்யாணம் செய்துகொள்ளப் பதினோரு வருஷம் எடுத்துக்கொண்டான். வேண்டாம் என்று ஒரு நாளும் சொன்னதில்லை. வேண்டும் என்றுதான் சொன்னான். ஆனால் செய்வதற்கு முன்னால் என்னென்ன மாறும் என்று ஒரு தடவை பார்த்துவிடலாமே என்பான். அந்த ஒரு தடவைதான் பதினோரு வருஷம்.

அவன் பார்க்கிற வேலை அப்படி. எங்கள் கடலோர ஊரான ஓஸ்டர்சீலில் கடலணை மதகு அவன் பொறுப்பில் இருக்கிறது. ஓதம், அதாவது கடல் நீர் மட்டம், ஏறும் நேரத்தைத் தப்பாகப் பார்த்து மதகைத் திறந்தால் பாதி ஊர் முழங்கால் தண்ணீரில் நிற்கும். அட்டவணையை மூன்று முறை பார்க்காமல் ஒரு கைப்பிடியையும் தொடமாட்டான். நான் மீன்பிடிப் படகுகளின் எஞ்சின் பழுது பார்ப்பவள். எஞ்சின் இருமினால் முதலில் உதைப்பேன். அதற்கும் மசியாவிட்டால்தான் கழற்றுவேன். எங்கள் இருவருக்கும் எப்படி ஒத்துப்போனது என்று ஊரில் பலருக்கு இன்னமும் புரியவில்லை.

எங்களைச் சேர்த்துவைத்தது நகரசபைக் கோபுரத்து உச்சியில் இருக்கும் ஒரு பழைய கணினி. கோபுரத்தில் இருபத்து மூன்று மணிகள். அவற்றுக்குக் கீழே ஒரு சின்னக் கதவு. மதியம் பன்னிரண்டு அடித்தால் கதவு திறந்து இறால் கூடைக்காரி, மாலுமி, பசு, கடல்நாய் என்று நான்கு பொம்மைகள் வெளியே வந்து ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு உள்ளே போகும். எந்த மணி எப்போது அடிக்க வேண்டும், கடல்நாய் எப்போது திரும்ப வேண்டும் என்று சொல்வது அந்தக் கணினிதான். அதைப் பார்த்துக்கொள்ளக் கூலி வாங்காத மூன்று பேர்: ஓக்கோ, நான், ஓய்வுபெற்ற தபால்காரர் வியார்ட்.

அதில் ஓடுவது லினக்ஸ் என்ற இயங்குதளம். அதிலும் பிடிவாதக்காரர்களுக்கான வகை. மற்றவர்கள் கடையில் சுட்ட ரொட்டி வாங்குகிற மாதிரி மென்பொருளை ஆயத்தமாக இறக்கிக்கொள்வார்கள். எங்களுக்கு வருவது மாவும் செய்முறையும் மட்டும். இயந்திரமே தன் உடம்புக்கு ஏற்றபடி பிசைந்து சுட்டுக்கொள்ளும். வயசான கணினி என்பதால் சின்ன நிரலுக்கு அரை மணி ஆகும், பெரிய நிரலுக்கு ஒரு பகல் போய்விடும். வேறு வகை போட்டால் என்ன என்று ஓக்கோவிடம் ஒரு தடவை கேட்டேன். ஒரு வாரம் பேசவில்லை.

இதில் ஒரு சிக்கல் உண்டு. ஒரு நிரலைக் கேட்டால் அது வேறு நாலைக் கூட்டிக்கொண்டு வரும். ஏற்கெனவே குடியிருக்கும் இரண்டைத் துரத்திவிடும். அதற்காகத்தான் முன்னோட்டம். கட்டளையோடு ஒரு சொல்லைச் சேர்த்தால், எது புதிதாக வரும், எது மாறும், எது போகும் என்று இயந்திரம் பட்டியல் மட்டும் போட்டுக் காட்டும், போவதைச் சிவப்பில். எதையும் தொடாது. பட்டியல் சரி என்றால் பிறகு உண்மையான கட்டளை. அதுவும்கூட மறுபடி பட்டியலைக் காட்டி, ‘செய்யட்டுமா?’ என்று கேட்டுவிட்டு நம் பதிலுக்காக நிற்கும்.

வியார்ட் ஒரு தடவை நேரமில்லை என்று இதையெல்லாம் பார்க்கவில்லை. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு டிசம்பரில், தேவையில்லாததையெல்லாம் கழித்துக்கட்டு என்று இயந்திரத்திடம் சொல்லிவிட்டு வீட்டுக்குக் காப்பி குடிக்கப் போய்விட்டார். கடல்நாயை உள்ளே இழுக்கிற நிரல் தேவையில்லாதது என்று இயந்திரம் முடிவுகட்டியது. மதியம் வெளியே வந்த கடல்நாய் வெளியிலேயே நின்றுவிட்டது. ஓக்கோ அந்த நிரலை முதலிலிருந்து எழுதி முடிக்க மூன்று வாரம் ஆயிற்று. அதற்குள் அதன் தலையில் ஒரு முழம் பனி. அதற்குக் கம்பளிக் குல்லா போடச் சொல்லிப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் தீயணைப்புப் படைக்குக் கடிதம் எழுதினார்கள்.

அன்றைக்கு எங்கள் மூவருக்கும் ஒரு சட்டம் பிறந்தது. ஒருவர் பட்டியலைச் சத்தமாக, ஒரு வரி விடாமல் வாசிக்க வேண்டும். மற்றவர் கேட்க வேண்டும். கேட்டவர்தான் விசையை அழுத்த வேண்டும். வாசித்தவர் அழுத்தக் கூடாது. இதில் யார் கோட்டை விட்டாலும் சந்தைத் தெரு முழுக்க வெண்ணெய்க் கேக் சுட்டுக் கொடுக்க வேண்டும். வியார்ட் ஏற்கெனவே ஒரு தடவை சுட்டிருக்கிறார். அது கேக் என்று நாங்கள் ஒத்துக்கொள்ளவில்லை.

இந்த வருஷம் ஈஸ்டருக்கு மறுநாள் மணிகளை இசைக்கும் பழைய நிரல் அடியோடு படுத்துவிட்டது. ஓக்கோ புதிது எழுதினான். ஜூன் இரண்டாம் சனிக்கிழமை பதினொன்றரைக்கு முதல் மணி, பன்னிரண்டுக்குப் பொம்மைகளோடு முழுப்பாட்டு என்று நகரசபை சுவரொட்டி ஒட்டியது. பாட்டு என்னுடையது. எஞ்சினுக்கு அடியில் படுத்துக்கொண்டு நான் சீட்டியடிக்கிற மெட்டை எனக்கே தெரியாமல் எழுதி வைத்து, மணிகளுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தான்.

அதைச் சொன்ன அன்றே இன்னொன்றும் சொன்னான். சூடான தேநீரில் போட்ட கற்கண்டு வெடிக்கிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு, கோப்பையைப் பார்த்தபடியே சொன்னான்.

“கல்யாணப் பதிவு ஆபீஸ்ல அன்னிக்குப் பன்னெண்டு மணிக்கு ஒரு நேரம் காலியா இருக்காம்.”

“யாருக்கு?”

“யாருக்கு வேணும்னாலும். நமக்குன்னு வச்சுக்கயேன்.”

இதுதான் அவன் என்னைக் கேட்ட லட்சணம். நான் அழுதேன். அழுது முடித்துப் பார்த்தால், மேசைமேல் ஒரு தாளை விரித்து வைத்திருந்தான். கல்யாணத்துக்கு முன்னோட்டமாம். புதிதாக வருபவை: என் கருவிப்பெட்டிகள் ஏழு, என் பூனை. இடம் மாறுபவை: அவன் ஓத அட்டவணைகள், கட்டிலுக்கு மேலிருந்து சமையலறைக்கு. நீங்குபவை: ஞாயிற்றுக்கிழமை மௌனம்.

“எல்லாம் சரியா இருக்கா பாரு,” என்றான். “சரியா இருந்தா, பார்ப்போம்.”

இந்தப் ‘பார்ப்போம்’ என்ற சொல்லைக் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அந்தச் சனிக்கிழமையை விட்டால் அடுத்த காலி நேரம் செப்டம்பரில். செப்டம்பர் வந்தால் புயல் காலம், மதகை விட்டு அசையமாட்டான். இந்தத் தடவையும் தள்ளிப்போனால் இனிமேல் கேட்கமாட்டேன் என்று எனக்குள் முடிவு செய்துவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை.

வியாழக்கிழமை சாயங்காலம் புது நிரலைப் போட இருவரும் கோபுரம் ஏறினோம். நூற்றுப் பன்னிரண்டு படி. ஓக்கோ தேநீர்க் குடுவையைக் கட்டிக்கொண்டு வந்தான். மூன்று கோப்பை குடிக்காமல் எங்கள் ஊரில் எந்த வேலையும் தொடங்காது. மூன்றாவது கோப்பையில் முன்னோட்டம் ஓடியது. அவன் வாசித்தான், நான் கேட்டேன்.

“மொத்தம் நாலு வரி. ஒண்ணு, மணி இசைக்கற நிரல். புதுசு. ரெண்டு, ஒலி நூலகம். மாறுது. மூணு, கடிகாரத்தோட பேசற நிரல். புதுசு. நாலு, பொம்மை மோட்டார் நிரல். திரும்பச் சுடுது. எதுவும் போகல. சிவப்பு ஒரு எழுத்துகூட இல்ல.”

“கடல்நாய்?”

“பத்திரமா இருக்கு.”

“போடு அப்ப நிஜக் கட்டளைய.”

போட்டான். அதே நாலு வரி மறுபடி வந்தது. கீழே ‘செய்யட்டுமா?’ என்ற கேள்வி. ஓக்கோ முக்காலியைப் பின்னால் இழுத்துக்கொண்டு, விசைப்பலகையை என் பக்கம் தள்ளினான். நான் விரலை நீட்டினேன். அப்போது என்னவோ எனக்குத் தாங்கவில்லை.

“ஓக்கோ, சனிக்கிழமை நிச்சயம்தானே? பார்ப்போம்னு மட்டும் சொன்னே, இந்தக் குடுவை உன் தலையில.”

அவன் குடுவையைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

“நிச்சயம்.”

“ஆனா?”

“ஆனால்லாம் ஒண்ணும் இல்ல இம்கே. சனிக்கிழமை பன்னெண்டு மணிக்கு நாம கல்யாணம் பண்ணிக்கறோம்.”

நான் குதித்த குதியில் கோப்பை கவிழ்ந்து தேநீர் மேசையெல்லாம் ஓடியது. அவன் சட்டையைப் பிடித்து இழுத்து முத்தம் கொடுத்தேன். அவன் சிரித்துக்கொண்டே கைக்குட்டையால் மேசையைத் துடைத்தான். துடைத்து முடிக்கக்கூட விடாமல், வியார்டிடம் சொல்ல வேண்டும் என்று கையைப் பிடித்து நூற்றுப் பன்னிரண்டு படியும் இழுத்துக்கொண்டு இறங்கினேன்.

வெள்ளிக்கிழமை முழுதும் சேர்ந்தே திரிந்தோம். அவனுக்குக் கறுப்புச் செருப்பு வாங்கினோம். கடலணைமேல் செம்மறியாடுகளுக்கு நடுவே நடந்தோம். துறைமுகத்து உணவகத்தில் ஓக்கோ சாப்பாட்டு அட்டையைத் திறக்கவே இல்லை. வந்த பெண்ணிடம், “எது நல்லாருக்கோ அதக் கொண்டாங்க,” என்றுவிட்டான். அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். வறுத்த மீன் வந்தது. இவனுக்கு ஜுரமோ என்றுகூட நினைத்தேன்.

சனிக்கிழமை வெயிலென்றால் அப்படி ஒரு வெயில். நான் நீல உடை போட்டிருந்தேன். நகங்களில் எஞ்சின் எண்ணெய் போக அரை மணி நேரம் தேய்த்தும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. சந்தைச் சதுக்கத்தில் ஊரே கூடியிருந்தது, பாதி மணிக்காக, பாதி எங்களுக்காக. வியார்ட் முழங்கால் வலியோடு ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, என் பூங்கொத்தை மடியில் வைத்துக்கொண்டு, போகிறவர் வருகிறவரிடமெல்லாம் பேசிக்கொண்டிருந்தார்.

“மதகு இன்னிக்காவது தொறக்குமாம்மா?” என்று என்னிடம் கேட்டார்.

“தொறந்தாச்சு. பூவ நசுக்காதீங்க.”

“ஓக்கோ, டேய், கல்யாணத்துக்குப் பட்டியல் வாசிச்சியா? ஒரு பூனை வருது, தெரியும்ல?”

“வாசிச்சேன், வாசிச்சேன்,” என்று ஓக்கோ சிரித்தான். புதுச் செருப்பு கடித்ததால் ஒரு காலில் நின்றுகொண்டிருந்தான்.

பதினொன்றரை ஆயிற்று. எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். மேயர் கையை உயர்த்திக் காத்திருந்தார். கோபுரத்தில் ஒரு சத்தமும் இல்லை. ஒரு புறா மட்டும் பறந்தது.

“அது மணியா?” என்று யாரோ கேட்டார்கள். கூட்டம் சிரித்தது.

ஓக்கோவின் முகம் வெளுத்துவிட்டது. நகரசபைக்குள் ஓடினான். நான் உடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பின்னால் ஓடினேன். படியேறும்போது எனக்குள் ஒரே எரிச்சல். மணிக்காக இல்லை. இவன் மேலே போய் அந்த முக்காலியில் உட்கார்ந்தால் எழுந்திருக்கமாட்டான் என்று எனக்குத் தெரியும். இயந்திரம் சுட ஆரம்பித்தால் கடைசி வரி வரைக்கும் கூடவே உட்கார்ந்திருப்பான். ஒரு தடவைகூட பாதியில் விட்டு வந்ததில்லை. என் பிறந்தநாள் இரண்டு அப்படித்தான் போயிற்று.

மேலே மேசையில் தேநீர்க் கறை காய்ந்திருந்தது. திரையில் அதே நாலு வரி. கீழே அதே கேள்வி. செய்யட்டுமா, செய்யட்டுமா என்று இரண்டு நாளாகக் கண் சிமிட்டிக்கொண்டே இருந்திருக்கிறது. யாருமே அழுத்தவில்லை.

“அடக் கடவுளே,” என்றேன்.

ஓக்கோ மூச்சிரைக்க விரலை நீட்டினான். “இப்ப அழுத்திடறேன்.”

“கையை எடு!”

அவன் திடுக்கிட்டுத் திரும்பினான். எனக்கே என் குரல் புதிதாக இருந்தது. பட்டியலை இவன் இழுத்து இழுத்து வாசிக்கும்போதெல்லாம் கொட்டாவி விட்டவள் நான்.

“ரெண்டு நாள் பழைய பட்டியல் இது, ஓக்கோ. தினம் ராத்திரி புதுச் செய்முறையெல்லாம் தானா வந்து இறங்குதில்ல? இது சொல்ற மாவு இப்ப அடுக்குல இருக்கோ இல்லையோ. நீதானே இதச் சொல்லிக் குடுத்தே?”

“நேரமில்ல இம்கே!”

“நேரமில்லன்னுதான் வியார்டும் சொன்னாரு. கடல்நாய் தலையில பனி விழுந்தது.”

அவன் கையை எடுத்தான். நான் முக்காலியில் உட்கார்ந்து, கேள்விக்கு வேண்டாம் என்று பதில் போட்டுவிட்டு, மறுபடி முன்னோட்டம் கேட்டேன். வரிகள் வந்தன. வந்துகொண்டே இருந்தன. நாலு அல்ல, அறுபத்தொன்று.

வாசித்தேன். இவ்வளவு வேகமாக நான் எதையும் வாசித்ததில்லை, ஆனால் ஒரு வரி விடவில்லை. பதினேழாவது வரியில் நிறுத்தினேன்.

“அடுப்பையே இடிச்சுப் புதுசாக் கட்டப் போகுது.”

ஓக்கோ என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தான். மற்ற நிரல்களையெல்லாம் சுடுகிற நிரல் உண்டல்லவா, அதற்கே புதுப் பதிப்பு வந்திருந்தது. இந்த இயந்திரத்தில் அது மட்டும் ஆறு மணி நேரம். அதன் பின்னால் வரிசையாக நாற்பத்து நாலு பேர். பழைய கேள்விக்குக் கண்ணை மூடிக்கொண்டு ஆம் போட்டிருந்தாலும் பாதியில் மாவு பொருந்தாமல் நின்றிருக்கும். எது பழையது எது புதியது என்று பிரித்தெடுக்க ஒரு வாரம் ஆகியிருக்கும்.

“எல்லாத்தையும் புதுப்பிக்கக் கேட்டிருக்கோம். அதான்,” என்றான் ஓக்கோ மெதுவாக. “மணி நிரலை மட்டும் கேளு.”

கேட்டேன். முன்னோட்டம் வந்தது. நாலு வரி. நாலையும் வாசித்தேன். எதுவும் போகவில்லை, சிவப்பு இல்லை, கடல்நாய் பத்திரம். நிஜக் கட்டளையைப் போட்டேன். ‘செய்யட்டுமா?’ என்று நின்றது.

“எவ்வளவு நேரம்?” என்றேன்.

“நாற்பது நிமிஷம்.”

சுவர்க் கடிகாரத்தில் பதினொன்று ஐம்பது. பன்னிரண்டுக்கு மணி அடிக்காது என்பது இருவருக்கும் புரிந்தது. வாசித்தவள் நான், கேட்டவன் அவன். விசைப்பலகையை அவன் பக்கம் தள்ளினேன். ஓக்கோ குனிந்து அழுத்தினான். இரண்டாவது தடவையும், விசை பதிந்ததா என்று பார்க்க. திரையில் எழுத்துகள் ஓட ஆரம்பித்தன.

நான் எழுந்தேன். அவன் முக்காலியில் உட்கார்ந்தான்.

பழக்கம்தான். கையை முழங்கால்மேல் வைத்துக்கொண்டு, திரையைப் பார்த்து உட்கார்ந்துவிட்டான். நான் கதவருகே நீல உடையோடு நின்றேன். வா என்று சொல்ல வாய் வரை வந்தது. சொல்லவில்லை. பதினோரு வருஷம் கூப்பிட்டாகிவிட்டது. இன்றைக்கு அவனாக வர வேண்டும், இல்லாவிட்டால் வேண்டாம். நான் திரும்பிப் படியிறங்க ஆரம்பித்தேன்.

எண்ணிக்கொண்டே இறங்கினேன். ஐந்து. பத்து. பதினைந்து. பத்தொன்பதாவது படியில் மேலே முக்காலி சாய்ந்து விழுகிற சத்தம் கேட்டது. அப்புறம் புதுச் செருப்பு தடதடவென்று.

“இம்கே! நில்லேன்! ஓடாதே!”

“நான் எங்க ஓடறேன். நடக்கறேன்.”

“அப்ப ஓடு! பன்னெண்டுக்கு ஏழு நிமிஷம்தான் இருக்கு!”

“மெஷின் தனியா கிடக்கே?”

“கிடக்கட்டும்!” என்றான் ஓக்கோ. என் கையைப் பிடித்துக்கொண்டு, மிச்சத் தொண்ணூற்று மூன்று படியையும் எனக்கு முன்னால் இறங்கினான். நான் இருட்டில் சிரித்துக்கொண்டே வந்தேன். கண்ணையும் துடைத்துக்கொண்டேன்.

கல்யாணப் பதிவாளர் திருமதி தியார்க்ஸ் கண்ணாடிக்கு மேலாக எங்களைப் பார்த்தார். ஓக்கோவின் கோட்டு முழுக்கக் கோபுரத்துத் தூசி. என் தலையில் ஒட்டடை. வியார்ட் பூங்கொத்தை என் கையில் திணித்தார். கால்வாசிப் பூ நசுங்கியிருந்தது.

திருமதி தியார்க்ஸ் சட்ட வாசகங்களை வாசித்தார். நிதானமாக வாசிப்பவர். ஓக்கோ தலையை ஒரு பக்கம் சாய்த்துக் கேட்டான். பட்டியல் கேட்கும்போது அவன் தலை அப்படித்தான் சாயும். வாசித்து முடித்ததும், ‘எதுக்கும் இன்னொரு தடவை முதல்லேருந்து’ என்பான் எங்கள் ஓக்கோ. பதினோரு வருஷமாக நான் பார்க்காததா?

“ஓக்கோ, இங்கே இருக்கும் இம்கேயை மணந்துகொள்ளச் சம்மதமா?”

வியார்டின் நாற்காலி ஒரு முறை கிறீச்சிட்டது.

“சம்மதம்,” என்றான் ஓக்கோ. உடனேயே சொன்னான். திருமதி தியார்க்ஸ் கேள்விக்குறியை முடிப்பதற்குள் சொல்லிவிட்டான் என்று வியார்ட் இன்றைக்கும் சத்தியம் செய்கிறார். சொல்லிவிட்டு, சுட்டுவிரலால் என் புறங்கையை ஒரு தடவை அழுத்தினான். இரண்டாவது தடவையும்.

என்னைக் கேட்டபோது என் குரல் சந்தைச் சதுக்கம் வரை கேட்டிருக்கும்.

வெளியே வந்தோம். தலையில் அரிசி விழுந்தது, கையில் ஒயின் வந்தது, மீன் வைத்த பன் வந்தது. மணி பன்னிரண்டரை ஆகப் போகிறது, கோபுரம் வாயைத் திறக்கவில்லை. மேயர் எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. கூட்டத்தில் பாதி கலைந்துவிட்டது. எங்களுக்கு அடுத்த நேரத்தைப் பிடித்திருந்த ஜோடி, இருபத்தைந்து வயசுகூட ஆகாத பிள்ளைகள், கை கோத்துக்கொண்டு நகரசபைப் படிகளில் ஏறி வந்தார்கள்.

சரியாகப் பன்னிரண்டு முப்பத்திரண்டுக்கு மேலே முதல் மணி அடித்தது.

புது நிரல் சுட்டு முடிந்ததும் தானாக ஒரு தடவை முழுப்பாட்டையும் வாசித்துப் பார்க்கும். ஓக்கோ அப்படி எழுதியிருந்தான். இருபத்து மூன்று மணிகளும் என் மெட்டை எடுத்தன. எஞ்சினுக்கு அடியில் எண்ணெய் சொட்டச் சொட்ட நான் சீட்டியடித்த மெட்டு, வானத்தில் அவ்வளவு பெரிதாக. கதவு திறந்தது. இறால் கூடைக்காரி வந்தாள், மாலுமி வந்தான், பசு வந்தது. கடல்நாய் வந்ததும் சதுக்கத்தில் இருந்த பிள்ளைகள் எல்லாம் கத்தினார்கள். கடல்நாய் ஒரு சுற்றுச் சுற்றி, ஒழுங்காக உள்ளே போயிற்று.

படியில் நின்ற அந்தச் சின்னப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். “நமக்காகவா?” என்று அவனைக் கேட்டாள். “நீ ஏற்பாடு பண்ணினியா?” அவன் திருதிருவென்று விழித்தான்.

ஓக்கோ ஏதோ சொல்லப் போனான். நான் அவன் விலாவில் இடித்தேன்.

“உங்களுக்குத்தாம்மா,” என்று அவளிடம் சொன்னேன். “நல்லா இருங்க.”

மனசாரத்தான் சொன்னேன். அந்த நிமிஷம் எனக்கு எதிலும் குறை இல்லை.

பாட்டு முடிந்து கைதட்டலும் ஓய்ந்தது. மேயர் ஓடி வந்து, தான் எதிர்பார்த்ததே இந்த நேரத்தைத்தான் என்பதுபோல் ஓக்கோவின் கையைக் குலுக்கிவிட்டுப் போனார். அப்போதுதான் வியார்ட் ஒயின் கோப்பையை மேசையில் வைத்துவிட்டுத் தொண்டையைச் செருமினார். யாருமே அழுத்தவில்லை என்பதை அதற்குள் என்னிடம் கேட்டுத் தெரிந்துகொண்டிருந்தார். ஒன்பது வருஷமாக இந்த நாளுக்குக் காத்திருந்தவர்.

“விசாரணை. வியாழக்கிழமை வாசிச்சது யாரு?”

“நான்,” என்றான் ஓக்கோ.

“கேட்டது?”

நான் மீன் பன்னை மும்முரமாகச் சாப்பிட்டேன்.

“அழுத்த வேண்டியது யாரும்மா? வாயில மீன் இருந்தாலும் பரவால்ல, சொல்லு.”

“நான்தான்,” என்றேன். “விரலை நீட்டினேன், சத்தியமா. இவன் நிச்சயம்னு சொன்னான். அப்புறம் எனக்கு வேற எதுவும் ஞாபகம் இல்ல.”

சுற்றி நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். “வெண்ணெய்க் கேக்!” என்று வியார்ட் மேசையைத் தட்டினார். “சந்தைத் தெரு முழுக்க! பாதாமை அள்ளிப் போடணும்!” பிறகு ஓக்கோ பக்கம் திரும்பினார். “சரி, இவ கதை இருக்கட்டும். வெள்ளிக்கிழமை நீ போய்ச் சோதிச்சுப் பார்க்கறதா இருந்ததே? சுவர்ல எழுதி ஒட்டியிருந்தியே? அங்க போயிருந்தா அப்பவே தெரிஞ்சிருக்குமே.”

ஓக்கோவின் காது இரண்டும் சிவந்தன. கோட்டுத் தூசியைத் தட்டினான். இன்னொரு தடவை தட்டினான்.

“மறந்துட்டேன்,” என்றான்.

வியார்ட் சிரிப்பதை நிறுத்தினார். “எது? நீயா?”

“வியாழக்கிழமை மேசையத் துடைச்சப்ப அந்தக் கேள்வி நிக்கறதப் பார்த்தேன். துடைச்சுட்டு இவளை அழுத்தச் சொல்லணும்னு நினைச்சேன். அதுக்குள்ள கையப் பிடிச்சு இழுத்துட்டா.” அவன் என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்துப் பேசினான். “அப்புறம் இன்னிக்குப் பதினொன்றரை வரைக்கும், கோபுரத்துல ஒரு மெஷின் இருக்குங்கறதே எனக்கு ஞாபகம் வரல.”

நான் பன்னை மேசையில் வைத்தேன். வெள்ளிக்கிழமை முழுவதையும் நினைத்துப் பார்த்தேன். செருப்புக் கடை, செம்மறியாடுகள், திறக்காத சாப்பாட்டு அட்டை. அந்த ஒரு நாள் பூராவும் அவன் கோபுரத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நான் பக்கத்திலேயே இருந்தும் அதைக் கவனிக்கவில்லை. பதினோரு வருஷமாக அந்தக் கணினியோடு நான் போட்டி போட்டுக்கொண்டிருந்தேன். ஜெயித்தது எனக்கே தெரியாமல் போயிருக்கிறது.

ஊர் பார்க்க அவன் தோளில் முகத்தைப் புதைத்து அழுதேன். வியார்ட் நசுங்கின பூக்களில் ஒன்றை எடுத்துத் தன் கோட்டில் செருகிக்கொண்டார்.

திங்கட்கிழமை பதினான்கு தட்டு வெண்ணெய்க் கேக் சுட்டேன். ஓக்கோ பக்கத்தில் நின்று பாதாம் தூவினான். அறுபத்தொரு வரிப் பட்டியலில் மிச்சமிருந்தது மேலே அப்படியே காத்துக்கிடந்தது. போக வேண்டும் என்று அவன் வாயைத் திறக்கவில்லை. சாயங்காலம் நான்தான் தேநீர்க் குடுவையைக் கட்டி அவன் கையில் கொடுத்தேன். அவனோடு நானும் படியேறினேன், வாசிக்க ஒரு ஆள் வேண்டுமே.